ஜாவாவுக்கு எந்த ஜேடிபிசி டிரைவர்? பிழைச் செய்தியிலிருந்து விடைக்கு

தரவுத்தளத்தோடு பேசுகிற ஒவ்வொரு ஜாவா பயன்பாட்டிலும் நடுவில் ஒரு ஜார் கோப்பு (ஜாவா நூலகத்தின் பொதி) உட்கார்ந்திருக்கிறது. பயன்பாட்டின் கேள்விகளைத் தரவுத்தளத்துக்குப் புரிகிற மொழியில் கொண்டுபோகிற அதுதான் ஜேடிபிசி டிரைவர். இணைப்பு அறுந்தாலும், வேகம் குறைந்தாலும், நினைவகம் நிரம்பி வழிந்தாலும் பலர் முதலில் தரவுத்தளச் சர்வரைச் சந்தேகிக்கிறார்கள். அப்புறம் நெட்வொர்க்கை, அதற்கும் அப்புறம் தங்கள் நிரலை. டிரைவர் பக்கம் பார்வை போவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. ஆனால் இந்த வகைப் பிழைகளில் பலவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: ஜாவாவின் பதிப்பு, சர்வரின் பதிப்பு, டிரைவரின் பதிப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தவையாக இருப்பது. எந்த இரண்டுக்கு நடுவே இடைவெளி என்பதைப் பிழைச் செய்தியே சொல்லிவிடும், படிக்கத் தெரிந்தால் போதும்.

எதையும் மாற்றுவதற்கு முன்

லாகில், அதாவது பயன்பாட்டின் பதிவேட்டில், கண்ணில் படுகிற முதல் வரியை நம்ப வேண்டாம். ஸ்பிரிங், ஹைபர்னேட் போன்ற ஜாவா கட்டமைப்புகள், இணைப்புக் குளம் (திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்துத் திரும்பத் திரும்பக் கொடுக்கிற பகுதி) என்று ஒவ்வொரு அடுக்கும் பிழையைத் தன் உறையில் போட்டு மேலே அனுப்புகிறது. கீழே இறங்கிப் போய், கடைசியாக வருகிற 'காஸ்ட் பை' வரியைப் பாருங்கள். உண்மையான செய்தி அங்கேதான் இருக்கும்.

அடுத்து, எந்த டிரைவர் ஓடுகிறது என்று உறுதி செய்யுங்கள். மேவன் (நூலகங்களைச் சேர்த்துப் பயன்பாட்டைக் கட்டும் கருவி) கோப்பில் எழுதியிருப்பதும் ஓடிக்கொண்டிருப்பதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. வேறொரு நூலகம் பழைய டிரைவரைத் தன்னோடு இழுத்து வந்திருக்கலாம். அப்ளிகேஷன் சர்வரின் லிப் அடைவில் யாரோ எப்போதோ போட்ட ஜார் இன்னும் இருக்கலாம். இணைப்பு கிடைக்கிற நிலையில் இருந்தால் கனெக்‌ஷன் பொருளின் 'கெட்மெட்டாடேட்டா'வைக் கூப்பிட்டு டிரைவரின் பெயர், டிரைவரின் பதிப்பு, சர்வரின் பதிப்பு மூன்றையும் லாகில் எழுதச் சொல்லுங்கள். பயன்பாடு எழும்போதே இந்த மூன்றையும் ஜாவா பதிப்போடு சேர்த்து ஒரு வரியாக எழுதி வைப்பது நல்ல பழக்கம். பின்னால் யார் உதவிக்கு வந்தாலும் முதல் கேள்வியே அதுதான்.

இணைப்பே கிடைக்கவில்லை என்றால், டிரைவர் கிளாஸின் 'கெட்ப்ரொடெக்‌ஷன்டொமைன்', அதிலிருந்து 'கெட்கோட்சோர்ஸ்', அதிலிருந்து 'கெட்லொக்கேஷன்' என்று போனால் அது எந்த ஜார் கோப்பிலிருந்து ஏறியது என்ற முழுப் பாதை கிடைக்கும். ஒரே டிரைவரின் இரண்டு பதிப்புகள் கிளாஸ்பாத்தில் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) இருப்பதை இது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

'நோ சூட்டபிள் டிரைவர் ஃபவுண்ட்' என்று வருகிறது

இந்தச் செய்தியைப் பார்த்ததும் ஃபயர்வாலைத் திறக்கச் சொல்லி யாருக்கும் மெயில் அனுப்பாதீர்கள். இது வரும்போது நெட்வொர்க்கில் ஒரு பைட்கூடப் போயிருக்காது. நடப்பது இதுதான். ஜாவாவுக்குள் இருக்கிற 'டிரைவர்மேனேஜர்' தன்னிடம் பதிவான ஒவ்வொரு டிரைவரிடமும் யூஆர்எல்லைக் காட்டி, 'இது உன்னுடையதா?' என்று கேட்கிறது. எல்லோரும் இல்லை என்று சொன்னால், அல்லது கேட்பதற்கு ஆளே இல்லை என்றால், இந்தச் செய்தி. ஆக, கேள்வி இரண்டு: டிரைவர் பதிவாகியிருக்கிறதா, யூஆர்எல் சரியாக இருக்கிறதா.

யூஆர்எல்லை முதலில் பார்த்துவிடுங்கள், அது அரை நிமிட வேலை. செய்தியின் கடைசியிலேயே அது அச்சாகியிருக்கும். அங்கே 'நல்' என்று இருந்தால் உங்கள் அமைப்புக் கோப்பையே பயன்பாடு படிக்கவில்லை என்று பொருள். தொடக்கத்தில் ஒரு மேற்கோள்குறியோ இடைவெளியோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சூழல் மாறியிலிருந்து எடுக்கும்போது இது அடிக்கடி நடக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு முன்னொட்டு 'ஜேடிபிசி:போஸ்ட்கிரெஸ்கியூஎல்:' என்று முழுதாக இருக்க வேண்டும், சுருக்கி 'ஜேடிபிசி:போஸ்ட்கிரெஸ்:' என்று போட்டால் டிரைவர் ஏற்காது. மேகச் சேவைகள் கொடுக்கிற இணைப்பு முகவரியில் 'ஜேடிபிசி:' என்ற பகுதியே இருக்காது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் புரவலர் பெயருக்கு முன்னால் நிற்கும். அதை அப்படியே ஒட்டினால் ஓடாது.

இன்னொன்று மரியாடிபிக்காரர்களுக்கு. அதன் டிரைவரின் 2 வரிசை, 'ஜேடிபிசி:மைஎஸ்கியூஎல்:' என்று தொடங்கும் யூஆர்எல்லையும் ஏற்றுக்கொண்டது. 3.0 முதல் 'ஜேடிபிசி:மரியாடிபி:' மட்டும்தான். யூஆர்எல்லைத் தொடாமல் டிரைவரை மட்டும் உயர்த்தினால் மறுநாளே இந்தப் பிழை வரும். முன்னொட்டை மாற்றுங்கள். மாற்ற முடியாத நிலை என்றால் 'பெர்மிட்மைஎஸ்கியூஎல்ஸ்கீம்' என்ற சொல்லை யூஆர்எல்லில் சேர்த்தால் பழையபடி ஏற்கும்.

யூஆர்எல் சரி, டிரைவர்தான் பதிவாகவில்லை என்றால்? 2006இல் வந்த ஜாவா 6, ஜேடிபிசி 4.0இலிருந்து 'கிளாஸ்.ஃபார்நேம்' எழுதத் தேவையில்லை. ஜார் கோப்புக்குள் மெட்டா-இன்ஃப் அடைவில், சர்வீசஸ் என்ற உள்ளடைவில், 'ஜாவா.எஸ்கியூஎல்.டிரைவர்' என்ற பெயரில் ஒரு சின்ன உரைக் கோப்பு இருக்கும். அதற்குள் டிரைவர் கிளாஸின் பெயர் ஒரு வரியாக இருக்கும். ஜாவா அதைப் படித்துத் தானே பதிவு செய்துகொள்ளும். இந்த ஏற்பாடு உடைகிற இடங்கள் இரண்டு.

முதலாவது, எல்லா நூலகங்களையும் ஒரே ஜாராகக் கட்டுவது. போஸ்ட்கிரெஸ் டிரைவரும் ஆரக்கிள் டிரைவரும் இரண்டுமே அந்த உரைக் கோப்பை ஒரே பெயரில் கொண்டுவருகின்றன. கட்டும் கருவி ஒன்றின் மேல் மற்றொன்றை எழுதிவிடுகிறது. கடைசியில் ஒரு டிரைவர் மட்டும் பதிவாகும், மற்றது ஜாருக்குள்ளேயே இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. 'என் ஐடிஇயில் ஓடுகிறது, ஜாராகக் கட்டினால் ஓடவில்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்த உரைக் கோப்பைத்தான். மேவன் ஷேட் செருகியில் 'சர்வீசஸ்ரிசோர்ஸ்டிரான்ஸ்ஃபார்மர்' சேர்த்தால் இரண்டு கோப்புகளும் இணைக்கப்படும். கிரேடில் என்ற கட்டும் கருவியின் ஷேடோ செருகியில் 'மெர்ஜ்சர்வீஸ்ஃபைல்ஸ்'.

இரண்டாவது, டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வர். டிரைவர்மேனேஜர் இந்தத் தேடலை ஜேவிஎம்மின் (ஜாவாவை ஓட்டும் இயந்திரம்) வாழ்நாளில் ஒரே முறைதான் செய்கிறது, அதுவும் டாம்கேட் எழும்போதே முடிந்துவிடுகிறது. உங்கள் வெப் பயன்பாட்டின் லிப் அடைவில் இருக்கிற டிரைவரை அந்தத் தேடல் பார்த்திருக்காது. ஜாரை டாம்கேட்டின் சொந்த லிப் அடைவில் வையுங்கள், அல்லது இணைப்புக் குளத்தின் அமைப்பில் டிரைவர் கிளாஸின் பெயரை வெளிப்படையாக எழுதுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் மேவனில் ஸ்கோப்பை, அதாவது நூலகம் எந்தக் கட்டத்தில் தேவை என்ற அமைப்பை, பாருங்கள். டிரைவருக்கு உரியது 'ரன்டைம்'. யாரோ 'டெஸ்ட்' என்று போட்டுவிட்டால் சோதனைகள் எல்லாம் பச்சையாக ஓடும், உண்மையான பயன்பாடு மட்டும் விழும்.

'கிளாஸ் நாட் ஃபவுண்ட்' வருகிறது

ஜார் இல்லை, அல்லது கிளாஸ் பெயர் பழையது. மைஎஸ்கியூஎல்லின் புதிய பெயரில் நடுவே 'சிஜே' வரும்: 'காம்.மைஎஸ்கியூஎல்.சிஜே.ஜேடிபிசி.டிரைவர்'. மேவனில் அதன் முகவரியும் 8.0.31இல் மாறி 'மைஎஸ்கியூஎல்-கனெக்டர்-ஜே' ஆனது. பழைய முகவரியில் புதிய பதிப்பைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. எஸ்கியூஎல் சர்வர் 2000 காலத்து எடுத்துக்காட்டுகளில் 'மைக்ரோசாஃப்ட்.ஜேடிபிசி.எஸ்கியூஎல்சர்வர்' என்ற வரிசை இருக்கும், இன்று அது 'மைக்ரோசாஃப்ட்.எஸ்கியூஎல்சர்வர்.ஜேடிபிசி'.

'சன்.ஜேடிபிசி.ஓடிபிசி' என்று தொடங்கும் பெயர் என்றால் தேடுவதை நிறுத்திவிடலாம். ஜேடிபிசிக்கும் ஓடிபிசி என்ற பழைய இணைப்பு முறைக்கும் நடுவே இருந்த அந்தப் பாலம் ஜாவா 8இல் நீக்கப்பட்டுவிட்டது. பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் கோப்புகளுக்காகத்தான் அதை வைத்திருப்பார்கள். அதற்கு இன்று யூகேன்ஆக்ஸஸ் என்ற தூய ஜாவா டிரைவர் இருக்கிறது.

'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' வருகிறது

இது டிரைவருக்கும் ஜாவாவுக்கும் நடுவே உள்ள இடைவெளி. சர்வருக்கு இதில் பங்கே இல்லை. செய்தியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் 44ஐக் கழியுங்கள். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17. பெரிய எண் டிரைவர் கேட்பது, சின்ன எண் உங்களிடம் இருப்பது.

எஸ்கியூஎல் சர்வரின் ஜார் பெயரிலேயே கடைசியில் 'ஜேஆர்இ8', 'ஜேஆர்இ11' என்று இருக்கும், பொருத்தமானதை எடுத்துக்கொள்ளலாம். ஆரக்கிளில்தான் குழப்பம் அதிகம். 'ஓஜேடிபிசி8', 'ஓஜேடிபிசி11' என்ற பெயர்களில் உள்ள எண் ஜாவாவின் பதிப்பு, தரவுத்தளத்தின் பதிப்பு இல்லை. ஆரக்கிள் 11ஜி வைத்திருப்பவர் 'ஓஜேடிபிசி11'ஐத் தேடி எடுத்து, ஜாவா 8இல் ஓட்டிப் பார்த்து, இந்தப் பிழையில் மாட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆரக்கிள் டிரைவர்கள் 2019 முதல் மேவன் சென்ட்ரலிலேயே கிடைக்கின்றன. யாரோ கொடுத்த ஜாரைக் கையால் நிறுவ வேண்டிய காலம் போய்விட்டது.

போஸ்ட்கிரெஸின் எண் வேறு விதமாகக் குழப்பும். 9.4 வரை டிரைவரின் எண் சர்வரின் எண்ணோடு சேர்ந்தே போனது. அதனால் 9.4 டிரைவர் 9.4 சர்வருக்கு மட்டும்தான் என்று ஆட்கள் நினைத்தார்கள். 2017இல் அந்தத் தொடர்பை அறுக்கத்தான் 42.0.0 என்று தாவினார்கள். எந்தச் சர்வராக இருந்தாலும் 42 வரிசையில் உங்கள் ஜாவா தாங்கக்கூடிய மிகப் புதியதை எடுங்கள்.

கடவுச்சொல் சரி, ஆனாலும் உள்ளே விட மறுக்கிறது

சர்வரை உயர்த்திய மறுநாள் வருகிற வகை இது. போஸ்ட்கிரெஸில் செய்தி 'ஆத்தென்டிகேஷன் டைப் 10 இஸ் நாட் சப்போர்ட்டட்' என்று வரும். அந்த 10 என்பது ஸ்க்ராம் என்ற கடவுச்சொல் முறை. போஸ்ட்கிரெஸ் 10இல் அது அறிமுகமானது, 14இலிருந்து இயல்பாகவே அதுதான். 42.2.0க்கு முந்தைய டிரைவருக்கு அந்த மொழி தெரியாது. டிரைவரை உயர்த்தினால் தீர்ந்தது.

இணையத்தில் இதற்கு இன்னொரு தீர்வும் சுற்றுகிறது: சர்வரில் கடவுச்சொல் முறையை எம்டி5 என்ற பழைய முறைக்குத் திருப்பிவிடுங்கள் என்று. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு ஜாரை மாற்றச் சோம்பிக்கொண்டு எல்லாப் பயனர்களின் பாதுகாப்பையும் குறைப்பது நியாயமே இல்லை. போஸ்ட்கிரெஸ் 18 எம்டி5ஐ விலக்கப்பட வேண்டிய முறை என்று அறிவித்தும்விட்டது. இன்று தள்ளிப்போட்டால் இதே வேலை பின்னால் காத்திருக்கும்.

மைஎஸ்கியூஎல்லிலும் இதே கதைதான். 2018இல் வந்த 8.0 இயல்பான முறையை 'கேஷிங்-ஷா2-பாஸ்வேர்டு' என்று மாற்றியது. பழைய 5.1 வரிசை டிரைவர் அந்தச் செருகியை ஏற்ற முடியவில்லை என்று புலம்பும், 5.1.46க்கு மேல் ஏற்கும். ஆனால் அங்கே நிற்காமல் நேராக இன்றைய வரிசைக்குப் போய்விடுங்கள். சர்வரைப் பழைய 'நேட்டிவ் பாஸ்வேர்டு' முறைக்குத் திருப்புவதும் இங்கே நீண்ட நாள் ஓடாது. 8.4இல் அது இயல்பாக அணைக்கப்பட்டது, 9.0இல் நீக்கப்பட்டே போனது.

டிரைவர் புதியதாக இருந்தும் 'பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவுட்' என்று வந்தால், இணைப்பு குறியாக்கம் இல்லாமல் போகிறது என்று அர்த்தம். பலரும் உடனே 'அலவ்பப்ளிக்கீரிட்ரீவல்' என்பதை 'ட்ரூ' ஆக்கிவிடுகிறார்கள். உங்கள் சொந்தக் கணினியில் சோதிக்கும்போது அது பரவாயில்லை. உண்மையான சர்வரில் இணைப்பைக் குறியாக்குகிற டிஎல்எஸ்ஸை இயக்குவதுதான் சரி. நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் தன் சாவியைச் சர்வரின் சாவி என்று கொடுத்துக் கடவுச்சொல்லைப் பறிக்க முடியும் என்பதால்தான் டிரைவர் அதை இயல்பாக மறுக்கிறது.

சான்றிதழ், டிஎல்எஸ் என்று ஏதோ சொல்கிறது

'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்' என்பது எஸ்கியூஎல் சர்வர் டிரைவரை உயர்த்தியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வரி. 2022இல் வந்த 10.2 முதல் 'என்கிரிப்ட்' இயல்பாகவே 'ட்ரூ'. அதுவரை குறியாக்கம் இல்லாமல் போய்க்கொண்டிருந்த இணைப்பு, இப்போது சான்றிதழைச் சரிபார்க்கத் தொடங்குகிறது. சர்வரில் இருப்பதோ தானே உருவாக்கிக்கொண்ட சான்றிதழ், அதை ஜாவா நம்பாது. சான்றிதழை ஜாவாவின் டிரஸ்ட்ஸ்டோரில் (நம்பத்தக்க சான்றிதழ்களின் கிடங்கு) சேர்ப்பதுதான் முறை. 'டிரஸ்ட்சர்வர்சர்ட்டிஃபிகேட்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் பிழை மறையும், கூடவே சரிபார்ப்பும் மறையும். அன்று இரவு சேவையை எழுப்ப வேண்டிய கட்டாயம் இருந்தால் போடுங்கள், நீக்க வேண்டிய தேதியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. 'நோ அப்ரோப்ரியேட் ப்ரொட்டோகால்' என்று வந்தால் ஜாவா புதியது, சர்வரோ டிரைவரோ பழையது. 2021 ஏப்ரல் மாதத்து ஜாவா புதுப்பிப்புகள் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் அணைத்துவிட்டன. அதனால்தான் 'நாங்கள் எதையும் மாற்றவில்லை, திடீரென்று நின்றுவிட்டது' என்ற புகார் வருகிறது. இயக்குதளப் புதுப்பிப்பு ஜாவாவையும் சேர்த்துப் புதுப்பித்திருக்கும்.

காலையில் முதல் கோரிக்கை மட்டும் விழுகிறது

மைஎஸ்கியூஎல்லில் 'கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்' என்ற செய்திக்குக் கீழே, கடைசிப் பொட்டலம் வந்து இத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்று ஒரு எண் இருக்கும். பலர் அதைப் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அந்த எண்ணை 36,00,000ஆல் வகுங்கள், மணி நேரம் கிடைக்கும். எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் காரணம் கையில் வந்துவிட்டது. சர்வரின் 'வெயிட்-டைம்அவுட்' இயல்பாக 28,800 வினாடி, அதாவது எட்டு மணி. இரவெல்லாம் சும்மா கிடந்த இணைப்பைச் சர்வர் மூடிவிட்டது, குளம் இன்னும் அதை உயிரோடு இருப்பதாக நினைத்துக் கொடுக்கிறது. எட்டு மணிக்குக் குறைவான, ஆனால் எப்போதும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் நடுவில் ஒரு ஃபயர்வால் வெட்டுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: குளத்தில் இணைப்பின் ஆயுளை அந்தக் காலத்தைவிடக் குறைவாக வையுங்கள். ஹிக்காரி என்ற இணைப்புக் குளத்தில் 'மேக்ஸ்லைஃப்டைம்' இயல்பாக 30 நிமிடம்.

பிழையே வராமல் திரெட் (ஒரு வேலையை ஓட்டுகிற இழை) அப்படியே உறைந்து நிற்பது இதைவிட மோசம். எல்லாத் திரெடுகளின் நிலையையும் காட்டுகிற திரெட் டம்ப் எடுத்துப் பார்த்தால் டிரைவருக்குள் சாக்கெட்டைப் படித்துக்கொண்டு நிற்கும். காரணம், போஸ்ட்கிரெஸ் டிரைவரிலும் மைஎஸ்கியூஎல் டிரைவரிலும் 'சாக்கெட்டைம்அவுட்' இயல்பாக 0, அதாவது முடிவில்லாமல் காத்திரு. அதற்கு ஒரு மதிப்புக் கொடுங்கள். ஆனால் கவனம்: பெயர் ஒன்றாக இருந்தாலும் போஸ்ட்கிரெஸ் டிரைவர் அதை வினாடியில் எடுத்துக்கொள்கிறது, மைஎஸ்கியூஎல் டிரைவர் மில்லிவினாடியில். 30 என்று ஒரே மாதிரி எழுதினால் ஒரு பக்கம் அரை நிமிடம் காத்திருக்கும், மறுபக்கம் கண்ணிமைக்கும் முன்பே அறுந்துவிடும். தரவுத்தளம் மாறும்போது யூஆர்எல்லின் வால் பகுதியை அப்படியே நகலெடுக்காதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

பெரிய அட்டவணையைப் படித்தால் நினைவகம் நிரம்புகிறது

ரிசல்ட்செட்டில் 'நெக்ஸ்ட்' கூப்பிட்டு ஒவ்வொரு வரிசையாகத்தானே எடுக்கிறோம், நினைவகம் எப்படி நிரம்பும் என்று தோன்றும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டின் டிரைவர்களும் இயல்பாக மொத்த விடையையும் முதலிலேயே இழுத்து ஹீப்பில், அதாவது ஜாவாவின் நினைவகத்தில், வைத்துக்கொள்கின்றன. நீங்கள் முதல் வரிசையைப் பார்ப்பதற்குள் கடைசி வரிசையும் வந்திருக்கும்.

போஸ்ட்கிரெஸில் ஒரு தடவைக்கு எத்தனை வரிசை என்று சொல்கிற 'செட்ஃபெட்ச்சைஸ்' கொடுத்தால் மட்டும் போதாது, ஆட்டோகமிட்டும் (ஒவ்வொரு வினவலையும் தனிப் பரிவர்த்தனையாக உடனே முடிக்கிற அமைப்பு) அணைந்திருக்க வேண்டும். அது இயங்கிக்கொண்டிருந்தால் ஃபெட்ச் சைஸைச் சத்தமில்லாமல் புறக்கணித்துவிடும். மைஎஸ்கியூஎல்லில் யூஆர்எல்லில் 'யூஸ்கர்சர்ஃபெட்ச்' சேர்த்து ஃபெட்ச் சைஸ் கொடுக்கலாம். இல்லையென்றால் ஃபெட்ச் சைஸாக 'இன்டீஜர்.மின்-வேல்யூ' கொடுத்தால் ஒவ்வொரு வரிசையாக ஓடவிடும். அப்படி ஓடும்போது அந்த விடையைப் படித்து முடிக்கும்வரை அதே இணைப்பில் வேறு வினவல் அனுப்ப முடியாது.

ஆரக்கிளில் சிக்கல் தலைகீழ். அங்கே இயல்பான ஃபெட்ச் சைஸ் 10. நினைவகம் பத்திரமாக இருக்கும், நேரம்தான் போகும். ஒரு லட்சம் வரிசை என்றால் பத்தாயிரம் பயணம். ஒரு பயணத்துக்கு 2 மில்லிவினாடி என்று வைத்தாலும் காத்திருப்பு மட்டும் 20 வினாடி. 500 என்று மாற்றினால் 200 பயணம், அரை வினாடிகூட ஆகாது.

கருவியில் வேகம், பயன்பாட்டில் மந்தம்

எஸ்கியூஎல் சர்வரில் இது ஒரு தனிப் பாடம். வினவலை நிர்வாகக் கருவியில் ஒட்டினால் உடனே விடை வருகிறது, ஜாவாவிலிருந்து போனால் வினாடிக்கணக்கில் இழுக்கிறது. டிரைவர் எல்லாச் சரங்களையும் இயல்பாக யூனிகோடாக, அதாவது 'என்வார்கார்' ஆக அனுப்புகிறது. உங்கள் அட்டவணையின் பத்தியோ வெறும் 'வார்கார்'. சர்வர் பத்தியை வரிசை வரிசையாக மாற்றி ஒப்பிடத் தொடங்குகிறது, இன்டெக்ஸ் சும்மா இருக்கிறது. வினவலின் செயல்திட்டத்தில் 'கன்வெர்ட்-இம்ப்ளிசிட்' என்ற சொல் தெரிந்தால் இதுதான் நோய். 'சென்ட்ஸ்ட்ரிங்பாராமீட்டர்ஸ்அஸ்யூனிகோட்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் சரியாகும்.

ஆனால் தமிழில் பெயர்களோ முகவரிகளோ சேமிக்கிற பயன்பாடு என்றால் இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். அந்த மாற்றத்துக்குப் பிறகு 'செட்ஸ்ட்ரிங்' வழியாகப் போகிற தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டுவிடும். போன தரவு போனதுதான், திரும்ப எடுக்க முடியாது. தமிழ் போகிற பத்திகளுக்கு 'செட்என்ஸ்ட்ரிங்' என்று முதலில் நிரலில் மாற்றிவிட்டு, அதன் பிறகு யூஆர்எல்லைத் தொடுங்கள்.

மொத்தமாகச் செருகும்போது மட்டும் மந்தம் என்றால் யூஆர்எல்லில் ஒரு சொல் போதும். மைஎஸ்கியூஎல்லில் 'ரீரைட்பேட்ச்டுஸ்டேட்மென்ட்ஸ்', போஸ்ட்கிரெஸில் 'ரீரைட்பேட்ச்டுஇன்செர்ட்ஸ்'. இரண்டும் இயல்பாக அணைந்தே இருக்கும்.

'எஸ்-1' என்ற தயார் வினவல் இல்லை என்கிறது

போஸ்ட்கிரெஸ், நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கிற பிஜிபவுன்சர், அதுவும் பரிவர்த்தனை முறையில். முதல் சில தடவை ஓடிவிட்டு அப்புறம் விழும். ஒரே தயார் வினவல் (பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்) ஐந்தாவது முறை ஓடும்போது டிரைவர் அதைச் சர்வரில் பெயரிட்டு வைக்கிறது, அடுத்த பரிவர்த்தனை வேறொரு சர்வர் இணைப்புக்குப் போய்விடுகிறது. 'பிரிப்பேர்த்ரெஷோல்ட்' 0 என்று வையுங்கள், அல்லது தயார் வினவல்களைத் தாங்குகிற பிஜிபவுன்சர் 1.21க்கு மேல் போய் 'மேக்ஸ்-பிரிப்பேர்ட்-ஸ்டேட்மென்ட்ஸ்' அமைப்பை இயக்குங்கள்.

'அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க்' அல்லது 'ஆப்ஸ்ட்ராக்ட் மெத்தட்'

முதலாவது, டிரைவர் தூய ஜாவா இல்லை, இயக்குதளத்தின் நூலகம் ஒன்றைத் தேடுகிறது. ஆரக்கிள் யூஆர்எல்லில் 'ஓசிஐ' என்று இருந்தால் 'தின்' என்று மாற்றுங்கள். பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தின் டிரைவரே போதும், தனியாகக் கிளையன்ட் நிறுவ வேண்டாம். எஸ்கியூலைட் டிரைவர் தன் நூலகத்தை ஜாருக்குள்ளேயே வைத்திருந்து தற்காலிக அடைவில் விரிக்கிறது. பாதுகாப்புக்காக அந்த அடைவில் எதையும் இயக்கக் கூடாது என்று பூட்டியிருந்தால் விழும். 'ஆர்க்.எஸ்கியூலைட்.டிஎம்பிடிர்' என்ற பண்பில் வேறு அடைவைக் காட்டுங்கள்.

இரண்டாவது, டிரைவர் ஜேடிபிசி 4க்கு முந்தையது. இணைப்புக் குளம் 'இஸ்வேலிட்' என்று கேட்கிறது, டிரைவருக்கு அப்படி ஒரு கேள்வியே தெரியாது. எஸ்கியூஎல் சர்வருக்கான ஜேடிடிஎஸ்ஸில் இதை அதிகம் பார்க்கலாம். ஒரு காலத்தில் நல்ல டிரைவர்தான், ஜேடிபிசி 3.0உடன் நின்றுவிட்டது. குளத்தில் சோதனை வினவல் ஒன்று கொடுத்துச் சமாளிக்கலாம், ஆனால் மைக்ரோசாஃப்டின் சொந்த டிரைவருக்கு மாறுவதே சரி. அது எம்ஐடி உரிமத்தில் திறந்த மூலமாகவே இருக்கிறது.

உரிமம் என்றதும் ஒன்று. உங்கள் மென்பொருளை மூடிய மூலமாகப் பிறருக்கு விநியோகிக்கிறீர்கள் என்றால் டிரைவரின் உரிமத்தையும் படித்துவிடுங்கள். மைஎஸ்கியூஎல் டிரைவர் ஜிபிஎல், மரியாடிபியுடையது எல்ஜிபிஎல், போஸ்ட்கிரெஸுடையது பிஎஸ்டி. தொழில்நுட்பத்தில் எல்லாம் பொருந்தி, சட்டப் பிரிவில் போய் நிற்கிற தேர்வுகள் உண்டு.

நேரமண்டலம் புரியவில்லை என்கிறது

மைஎஸ்கியூஎல் டிரைவர் 8.0இன் முதல் பதிப்புகள், சர்வர் மூன்றெழுத்தில் சொல்கிற நேரமண்டலத்தை ஏற்க மறுத்தன. மறுத்தது சரிதான்: 'ஐஎஸ்டி' என்றால் இந்தியாவும் ஆகலாம், அயர்லாந்தும் ஆகலாம், இஸ்ரேலும் ஆகலாம். யூஆர்எல்லில் கண்டமும் நகரமும் சேர்ந்த முழுப்பெயரைக் கொடுங்கள். 8.0.23 முதல் அந்தப் பண்பின் பெயர் 'கனெக்‌ஷன்டைம்சோன்'. பிழையை மறைக்க மட்டும் யூடிசி என்று போட்டுவிடாதீர்கள். இணைப்பு கிடைக்கும், ஆனால் சேமித்த நேரங்கள் எல்லாம் மணிக்கணக்கில் நகர்ந்திருக்கும், அது தெரியவர மாதங்கள் ஆகலாம்.

ஜாவா 21க்குப் போனதும் சுமையில் திணறுகிறது

ஜாவா 21 தருகிற இலகுவான விர்ச்சுவல் திரெடுகளை இயக்கியிருக்கிறீர்கள், சிபியு சும்மா இருக்கிறது, தரவுத்தளமும் சும்மா இருக்கிறது, கோரிக்கைகள் மட்டும் நகரவில்லை. பழைய டிரைவர்கள் 'சிங்க்ரொனைஸ்டு' என்ற பூட்டிய பகுதிக்குள் இருந்துகொண்டு சாக்கெட்டுக்குக் காத்திருக்கும். ஜாவா 21இல் அப்படிக் காத்திருக்கிற விர்ச்சுவல் திரெட், தன்னைத் தாங்குகிற உண்மையான திரெடையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் டிரைவர் 42.6.0இலும், மைஎஸ்கியூஎல் டிரைவர் 9.0இலும் அந்தப் பூட்டுகளை மாற்றிவிட்டார்கள். டிரைவரை உயர்த்த முடியாது என்றால் ஜாவா 24க்குப் போகலாம், அங்கே ஜேவிஎம்மே இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது.

ஆனால் இந்த முடிவுக்கு வருமுன் லாகில் 'கனெக்‌ஷன் இஸ் நாட் அவெய்லபிள்' என்ற ஹிக்காரியின் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் டிரைவர் மேல் பழி போட வேண்டாம். ஆயிரக்கணக்கான விர்ச்சுவல் திரெடுகள் பத்து இணைப்புகளுக்காக வரிசையில் நிற்கின்றன, ஹிக்காரியின் இயல்பான அளவு அந்தப் பத்துதான். அந்த வரி இல்லை என்றால் ஜாவாவின் நிகழ்வுகளைப் பதிவு செய்கிற ஃப்ளைட் ரெக்கார்டரை ஓடவிட்டு 'விர்ச்சுவல்திரெட்பின்ட்' நிகழ்வுகளைப் பாருங்கள். ஒவ்வொரு நிகழ்வின் ஸ்டாக்கிலும் எந்த டிரைவரின் எந்த மெத்தட் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பெயரோடு இருக்கும்.